எட்டரையின் இடது கை

மீன் சந்தையில் அவளை எல்லாரும் எட்டரை என்றுதான் கூப்பிடுவார்கள். இடது கையில் சுண்டுவிரல் அடியோடு இல்லை, மோதிர விரலில் பாதிதான் மிச்சம். ஆக எட்டரை. கணக்குப் போட்டுப் பெயர் வைத்தவன் எதிர்க்கடை ஐஸ்காரன். அவளுக்கு அதில் கோபம் ஒன்றும் கிடையாது. மீனை அமுக்கிப் பிடிக்கக் கட்டைவிரலும் இரண்டு விரலும் போதும், மிச்சம் இருந்தால் மட்டும் என்ன மோதிரமா மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்பாள்.

அருவருப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிறவள் அவள். சுறாவின் வயிற்றைக் கிழித்து முழங்கை வரை கையை விட்டுக் குடலை வழித்தெடுப்பாள், அப்புறம் கையைக் கழுவிவிட்டு அங்கேயே உட்கார்ந்து ரொட்டியைக் கடிப்பாள். கணவாயின் மை முகத்தில் பீச்சியடித்தால் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுப்பாள். சந்தைச் சாக்கடை அடைத்துக்கொண்டால் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகராட்சிக்குப் போன் போடுவார்கள். இவள் கம்பை எடுத்துக்கொண்டு குத்தக் கிளம்பிவிடுவாள். "உனக்கு மூக்கு வச்ச கடவுள் அதுல ஓட்டை போட மறந்துட்டான்" என்பான் ஐஸ்காரன்.

அப்பேர்ப்பட்டவளுக்குக் கொஞ்ச நாளாக ஒன்றை நினைத்தாலே வயிற்றைப் புரட்டியது. அவளுடைய அக்கா புருஷனின் விரல்கள்.

அத்தான் லேசுப்பட்ட ஆள் இல்லை. மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியர். பிணத்தை அறுத்துப் பிரித்து, எந்தத் தசை எங்கே, எந்த ரத்தக்குழாய் எங்கே என்று மாணவர்களுக்குக் காட்டுகிற உத்தியோகம். அதே கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போன அக்காவைப் பார்த்து ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டார். அக்காவைக் கட்டிக்கொண்டாரே தவிர, அவள் பிறந்த வீட்டு மீன் வாசனையைக் கட்டிக்கொள்ளவில்லை. கொழுந்தியாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எழுந்து போய் ஜன்னல்களைத் திறக்க ஆரம்பிப்பார். அவள் உட்காருவதற்கென்று சமையலறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அவள் போன பிறகு அதைக் கழுவி மொட்டைமாடி வெயிலில் போட்டுவிடுவார். காலையிலிருந்து மருந்தில் ஊறின பிணங்களோடு மாரடித்துவிட்டு வருகிற மனுஷனுக்கு மீன் நாறுகிறதாம்! நல்லா இருக்கே நியாயம்.

அத்தனையையும் அவள் அக்காவுக்காகப் பொறுத்துக்கொண்டாள். அவர்களுடைய அம்மா விடியுமுன்னே மீன் எடுக்கப் போய்விடுவாள். தலை சீவிவிட்டது, காய்ச்சலில் நெற்றியில் ஈரத்துணி போட்டது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் அக்காதான். அப்பா முகமே ஞாபகமில்லாத வீட்டில் அக்காதான் அவளுக்கு எல்லாமும். அந்த அக்கா முகம் வாடக்கூடாது என்பதற்காக அவள் பிளாஸ்டிக் நாற்காலி என்ன, வாசற்படியில்கூட உட்காருவாள்.

விரல் போனது பத்தொன்பது வயதில். மீன் முள் குத்திச் சீழ் வைத்து அழுகிப்போய்விட்டது என்று அத்தான்தான் பார்த்துச் சொன்னார். அவருக்குத் தெரிந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் விரலை எடுக்க வைத்தவரும் அவர்தான். அப்போது அவளுக்கு ஒரு இடம் பேசி முடித்திருந்தார்கள். விரலைப் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டார் ஆளையே காணோம். அம்மா அன்றைக்கு மாரில் அடித்துக்கொண்டு அழுதவள்தான். "நான் கொண்டாந்த மீனுதாண்டி உன் விரலைத் தின்னுடுச்சு, நான்தாண்டி உன் வாழ்க்கையைக் கெடுத்தேன்" என்று உயிர் போகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம் வீட்டில் மீன் சமைத்தால் அம்மா மட்டும் தொடமாட்டாள்.

சரி, இது பழைய கதை. புதுக்கதை ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அக்கா வீட்டில் விருந்தாளிகள் வந்து போயிருந்தார்கள். எட்டரை சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு பெரிய பாத்திரம் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க வந்த அத்தான் அவள் பக்கத்தில் நின்றார். விரல் போன பிறகு இத்தனை வருஷத்தில் ஒரு முழத்துக்குள் வராதவர். அவள் பயந்துபோய் ஒதுங்கினாள். அவர் விடாமல் சோப்பு நுரையோடு இருந்த அவளுடைய இடது கையை லபக்கென்று பிடித்துக்கொண்டார். முழங்கை மடிப்பிலிருந்து சுண்டுவிரல் பக்கமாக, தோலுக்கு அடியில் ஒரு புழு ஓடுவதுபோல ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. அது அவளுக்குப் பிறந்ததிலிருந்து இருப்பது. சின்ன வயசில் அக்கா அதன்மேல் கடுகை வைத்து, அது குதிப்பதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"அசையாதே" என்றார் அத்தான். இரண்டு விரலை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பு. சாப்பிட்டு முடித்தவர்கள் ஏப்பம் விடுவதற்குமுன் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

அன்றிலிருந்து பிடித்தது சனியன்.

பிளாஸ்டிக் நாற்காலி காணாமல் போயிற்று. எட்டரைக்கு இப்போது நடுக்கூடத்து சோபா. அவள் கைக்குக் கீழே ஒரு தலையணை. ஜன்னல்களை யாரும் திறப்பதில்லை. வாரம் தவறாமல் அத்தான் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்தார். கல்லூரி ஆட்கள், அந்தக் கல்லூரி ஆட்களுக்குத் தெரிந்த ஆட்கள். வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால் அவள் கையைப் பார்த்தார்கள். சிலர் அதற்குப் பின்னாலும் சொல்லவில்லை.

"எல்லாருக்கும் முழங்கைகிட்ட ரத்தக்குழாய் ரெண்டாப் பிரியும்" என்று அத்தான் ஆரம்பிப்பார். தமனி என்றால் இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவருகிற குழாய் என்பதை மட்டும் இவளுக்காக ஒருமுறை சொன்னார், அதோடு சரி. "ஒண்ணு கட்டைவிரல் பக்கம், இன்னொண்ணு சுண்டுவிரல் பக்கம். சுண்டுவிரல் பக்கம் போறது தசைக்கு அடியில பதுங்கித்தான் போகணும். இங்க பாருங்க! தசைக்கு மேல, தோலுக்கு அடியிலயே, ராஜபாட்டையில போற மாதிரி போகுது. சில பேருக்கு நடுவுல மூணாவதா ஒண்ணு இருக்கும், சில பேருக்கு ரெண்டும் தோள்கிட்டயே பிரிஞ்சிடும். படத்துல இருக்கிற மாதிரியே எல்லார் கையும் இருக்கும்னு நம்பினா ஏமாந்துடுவீங்க. ஆனா உயிரோட இருக்கிற ஆள்கிட்ட, இவ்வளவு பளிச்சுனு! பிணத்துல பார்த்தா செத்த பாம்பு. இது உயிருள்ள பாம்பு!"

சொல்லிக்கொண்டே தடவுவார். அங்கேதான் அவளுக்குக் குடல் வாய்க்கு வரும். வெள்ளை வெளேரென்று, மெத்தென்று, எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்கிற விரல்கள். ஐஸ் போடாமல் மத்தியானம் வரை கிடந்த கணவாய்கூட இதைவிடத் தேவலை என்று நினைத்துக்கொள்வாள். சோப்பும் பூ வாசனைக் களிம்பும் மணக்கும் அந்த விரல்களுக்கு அடியில் பிணமருந்து நெடி ஒன்று ஒளிந்துகொண்டிருக்கும். பேனாவால் கோடு போடுவார். போட்டோ எடுப்பார். முகம் போட்டோவில் விழுந்துவிட்டால், "மூஞ்சி வேண்டாம், கை மட்டும்" என்று மறுபடி எடுப்பார். "கை எப்படி இருக்கு?" என்றுதான் விசாரிப்பார். கை சாப்பிட்டதா, கை தூங்கியதா என்று கேட்காததுதான் குறை.

ஒருநாள் வந்த குண்டு மனிதர் ஒருவர் அவளுடைய துடிப்பை ரசித்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஆள் போன பிறகு கை நம்ம மியூசியத்துக்குத்தானே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். காபித் தட்டோடு நின்ற அக்காவும் சிரித்தாள். எட்டரை குளியலறைக்குப் போய், கையைத் தேய் தேய் என்று தேய்த்தாள். சிவந்துபோயிற்றே தவிர, அந்த விரல்கள் போகவில்லை.

"எனக்குப் பிடிக்கலக்கா" என்றாள், சமையலறையில்.

"ஏண்டி, கடிச்சா தின்னுடறாரு? கையைத்தானே பார்க்கறாரு."

"உடம்பெல்லாம் கூசுதுக்கா. ராத்திரி தூங்கும்போதுகூட ஏதோ ஊர்ற மாதிரி இருக்கு."

அக்கா அவள் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள். "எனக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கோ குட்டி. துறைத்தலைவர் பதவி காலியாகப் போகுது. இவருக்கு ஒரு நல்ல கட்டுரை வெளிவந்தா போதும், கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்துடுவாங்க. இத்தனை வருஷமா முட்டி மோதிக்கிட்டு இருக்காரு. இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. குழாய்க்குள்ள சாயம் ஏத்தி எக்ஸ்ரே எடுக்கணுமாம். அதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டா அப்புறம் உன் கை உனக்கு."

சாயம் ஏற்றுவதென்றால் அந்தத் தமனிக்குள்ளேயே ஊசி குத்துவது. எட்டரை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இந்தக் கையில் மிச்சம் இருப்பதும் போய்விட்டால் மீன் சந்தையில் அவளுக்கு என்ன வேலை? கத்தி மட்டும் தானாக அறுக்குமா? ஆனால் அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமே கிடையாது. "சரிக்கா" என்றுவிட்டாள்.

சாயம் ஏற்றுவதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அதற்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார் அத்தான். காரில்! பின்சீட்டில் பழைய பேப்பர் விரித்திருந்தது என்பது வேறு விஷயம்.

ஸ்கேன் டாக்டர் ஒரு அம்மாள். நரைத்த தலை, சிடுமூஞ்சி. அத்தான் காட்டிய உற்சாகத்தில் கால்வாசிகூட அவளுக்கு வரவில்லை. "நூறு பேர்ல ரெண்டு மூணு பேருக்கு இருக்கறதுதானே" என்றுவிட்டு, குளிர்ந்த பசையைக் கையில் பிதுக்கி, கருவியை வைத்து மெதுவாக இழுத்தாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைந்தது. அத்தான் தலையைத் திரைக்குள்ளேயே நுழைத்துவிடுவார் போலிருந்தது. அவர் மூச்சு எட்டரையின் தோளில் சூடாக விழுந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

கருவி உள்ளங்கைக்கு வந்ததும் டாக்டரம்மா நிறுத்தினாள். திரும்பவும் மேலே போனாள், கீழே வந்தாள். "இந்த விரலுக்கு என்ன ஆச்சு?"

எட்டரை வாயைத் திறப்பதற்குள் அத்தான் சொல்லிவிட்டார். "மீன் முள். அழுகிடுச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, நீங்க மேல பாருங்க."

அந்த நேரம் அவருடைய போன் அடித்தது. பெரிய இடத்து அழைப்பு போலிருக்கிறது, "சார், சார்" என்று குழைந்துகொண்டே வெளியே போய்விட்டார். கதவு மூடியதும் டாக்டரம்மா கருவியைக் கீழே வைத்தாள்.

"இங்க பாரும்மா, உன்கிட்ட ஒண்ணு கேட்கறேன். முள் குத்தி அழுகினா விரல்ல ஆரம்பிச்சு மேல ஏறும். உனக்கு அப்படியா ஆச்சு?"

எட்டரை யோசித்தாள். விரலில் காயமே ஞாபகமில்லை. முதலில் எரிச்சல்தான். விரல் நீலமாகி, அப்புறம் கறுத்து, கரிக்கட்டை மாதிரி ஆகிவிட்டது.

"மேல அடைச்சிருக்கு, அதனால கீழ செத்திருக்கு" என்றாள் டாக்டரம்மா. "உள்ளங்கையில இருக்கிற சின்னக் குழாயெல்லாம் மூடிப்போய்க் கிடக்கு. நரம்புல போட வேண்டிய ஊசியைத் தமனியில போட்டா இப்படி ஆகும். உன் தமனி தோலுக்கு அடியில நரம்பு மாதிரியே ஓடுதில்ல, ஏமாந்திருப்பாங்க. இந்தக் கையில எப்பவாவது ஊசி போட்டாங்களா? போட்ட உடனே விரல்ல தீப்பிடிச்ச மாதிரி எரிஞ்சுதா?"

எரிந்தது. ஐயோ, எப்படி எரிந்தது! அக்கா வீட்டுக் கட்டில். எதையோ தின்று உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பாக அரிப்பு. கல்யாணமான புதிது அக்காவுக்கு. "நரம்புல போட்டா உடனே கேட்கும்" என்று சொல்லி அத்தான்தான் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார். அவள் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்காதான் தோளையும் கையையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை எரிகிறது எரிகிறது என்று இவள் அலறினபோது, "ஊசிக்குப் போய் இப்படியா ஊரைக் கூட்டுவே" என்று சிரித்தாள்.

"யாரு போட்டாங்க, ஞாபகமிருக்கா?"

"இல்லீங்க" என்றாள் எட்டரை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அக்கா வீட்டு விஷயத்தை வெளி ஆளிடம் சொல்லிப் பழகாத வாய்.

டாக்டரம்மா கதவைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பசையைத் துடைக்கத் துணியைக் கொடுத்தாள். "இந்தக் கையில சாயம் ஏத்த நான் ஒத்துக்க மாட்டேன். வேற யாராவது ஏத்தறேன்னு சொன்னா நீ ஒத்துக்காதே. ஏற்கெனவே பாதி செத்த கை. மிச்ச விரலும் போயிடும்."

அத்தான் வெளியே இன்னும் "சார், சார்" என்றுகொண்டிருந்தார். எட்டரை அவர் முதுகுக்குப் பின்னால் நடந்து, வாசலில் நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பஸ்ஸில் அவளுக்கு ஒரே ஒரு எண்ணம்தான். அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அக்காவுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அக்கா விட்டிருக்கவே மாட்டாள். போய்ச் சொன்னால் துடித்துப்போய்விடுவாள், அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அக்காவை எப்படிச் சமாதானம் செய்வது என்றுகூட யோசித்துக்கொண்டு போனாள். பைத்தியக்காரி.

அக்கா அடுப்படியில் இருந்தாள். "அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? அவர் எங்க?"

"அக்கா, அரிப்பு வந்தப்ப எனக்கு ஊசி போட்டாரே, ஞாபகமிருக்கா?"

"எந்த ஊசி?"

கேள்வி சட்டென்று வந்தது. எட்டரை மீன் வாங்க வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறவள். அக்காவின் முகத்தை இதுவரை அவள் எடைபோட்டதில்லை.

"உனக்குத் தெரியுமாக்கா?"

அக்கா அடுப்பை அணைத்தாள். கையைத் துணியில் துடைத்தாள். துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள்.

"அவருக்கு எப்படிடி தெரியும்? எல்லாருக்கும் உள்ளே இருக்கிறது உனக்கு மேல இருக்கு. அது அவர் தப்பா? உன் கை அப்படி."

"தெரியாம போட்டுட்டாரு, சரி. போட்ட பிறகும் தெரியலையா?"

"ஊசிக்குள்ள ரத்தம் குபுக்குனு ஏறிச்சு. செக்கச்செவேல்னு. அப்பவே அவர் முகம் வெளுத்துப்போச்சு. ராத்திரி எங்கிட்ட சொல்லிட்டு அழுதாரு. விடிய விடியத் தூங்கல, பாவம்."

"யாருக்கா பாவம்?"

"கத்தாதே. ரெண்டு நாள்ல சரியாயிடும்னு நினைச்சோம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா என்னன்னு சொல்றது? அப்பதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாரு. கையில விலங்கு மாட்டியிருப்பாங்க. நான் மாசமா இருந்தேன் தெரியுமா?" அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உனக்கு விரலோட போச்சு. எங்களுக்குக் குடும்பமே போயிருக்கும்டி."

விரல்கூடப் போகட்டும். பேசி முடித்த இடம், அதுகூடப் போகட்டும். மாரில் அடித்துக்கொண்டு ஒருத்தி அழுதாளே.

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா. தன்னாலதான்னு சொல்லிச் சொல்லியே செத்துப்போனாளே."

"சொல்லணும்னுதான் இருந்தேன்." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் பார்த்தா அம்மா அதுக்குப் பழகிட்டாங்க. முதல்ல மாதிரி அழறதில்ல. நல்லாத்தானே இருக்காங்கன்னு விட்டுட்டேன்."

பழகிட்டாங்க! எட்டரை அக்காவின் முகத்தையே பார்த்தாள். அம்மா மீனை ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் சோற்றைப் பிசைந்து தின்றபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துச் சாப்பிட்டவள் இந்த அக்கா. அக்கா அழுதுகொண்டே அவள் இடது கையை எடுத்துப் பிடித்துக்கொண்டு தடவினாள். அந்தத் துடிப்பின் மேலேயே தடவினாள். மெத்தென்று, கொஞ்சம் ஈரமாக. அத்தானின் விரல்கள் அக்காவுக்கும் முளைத்துவிட்டன போலிருந்தது.

வாசலில் கார் சத்தம் கேட்டது. அத்தான் பழப் பை ஒன்றோடு உள்ளே வந்தார்.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டே? அந்தம்மா கிடக்கறா, சரியான பயந்தாங்கொள்ளி. வேற ஆளைப் பிடிச்சுட்டேன். திங்கட்கிழமை சாயம் ஏத்தறோம். பழம் சாப்பிடு, கைக்கு நல்லது."

சொல்லிக்கொண்டே அவளுடைய முன்கையைப் பிடித்து, இரண்டு விரலைத் தமனிமேல் வைத்தார். கண்ணை மூடினார். அந்தச் சிரிப்பு வந்தது.

"அத்தான், கட்டுரையில விரல் ஏன் போச்சுன்னு எழுதியிருக்கீங்க?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? மீன் முள்ளுன்னு எழுதினா எவன் படிப்பான்? எங்கயோ ஒரு கம்பவுண்டர் தெரியாம தமனியில ஊசி போட்டுட்டான்னு எழுதியிருக்கேன். அப்பதான் எடுப்பா இருக்கும்."

ஆக, அதைக்கூட விடவில்லை. மறைத்து வைத்திருந்ததை எடுத்து, தூசு தட்டி, வேறொருத்தன் தலையில் கட்டி, பெயர் வாங்கப் போகிறார்.

"கம்பவுண்டர் இல்ல அத்தான். நீங்க. அக்கா இப்பதான் சொன்னா."

அத்தான் கண்ணைத் திறந்தார். சிரிப்பு போய்விட்டது, விரல்கள் மட்டும் அவள் கைமேல் அப்படியே இருந்தன. ரத்தம் அவற்றுக்கு அடியில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியைப் பார்த்தார்.

"என்ன உளர்றா உன் தங்கச்சி?"

எட்டரையும் அக்காவைப் பார்த்தாள். இப்போதுகூட ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. 'ஆமாங்க, சொன்னேன்' என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் திங்கட்கிழமை சாயம் ஏற்றக்கூடக் கையை நீட்டியிருப்பாள், சத்தியமாக.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூக்கு லேசாகச் சுளித்தது.

"எனக்கென்னங்க தெரியும்? விடிஞ்சதுலேர்ந்து அந்த மீன் நாத்தத்துல கிடக்கறவ, மூளை கலங்கிப்போச்சு. நீங்க போய்க் கையைக் கழுவிட்டு வாங்க. அவளைத் தொட்ட கை."

இத்தனை நாள் அத்தானைப் பார்த்து வந்ததெல்லாம் அருவருப்பே இல்லை என்று எட்டரைக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருடைய விரல்களைத் தன் கையிலிருந்து எடுத்துப் போட்டாள். அது ஒன்றும் அவளுக்குக் கஷ்டமாக இல்லை.

அக்கா அதற்குள் திரும்பி, மேஜையில் தட்டுகளை வைக்க ஆரம்பித்திருந்தாள். தலை சீவிவிட்ட அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க எட்டரைக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினாள்.